பிரெஞ்சு தெரியாத வீட்டில் பிரெஞ்சு எப்படி வளர்கிறது?

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரில் பலர், பிள்ளையைப் பிரெஞ்சு இமர்ஷன் வகுப்பில் (மற்றப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்பு) சேர்த்த சில மாதங்களிலேயே ஒரு கவலைக்கு ஆளாகிறார்கள். வீட்டில் எவருக்கும் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. பிறகு எப்படி உதவுவது? ஆனால் இரண்டாம் மொழி ஒரு பிள்ளையின் மனத்தில் படியும் விதத்தை ஆராய்ந்தவர்களின் முடிவுகளைப் படித்தால், பெற்றோரின் அறியாமையைக்கூடப் பயனுள்ளதாக்கிக்கொள்ளலாம் என்று தெரிகிறது.

1965இல் மொன்றியலை அடுத்த செயின்ட் லம்பேர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலரின் விடாமுயற்சியால் இமர்ஷன் முறை தொடங்கியது. மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லம்பேர்ட் அந்தப் பிள்ளைகளின் முன்னேற்றத்தை ஆண்டுக்கணக்கில் அளந்துவந்தார். இன்று ஒன்ராறியோவில் இமர்ஷன் மாணவர் எட்டாம் வகுப்பை முடிக்கும்போது குறைந்தது 3,800 மணி நேரம் பிரெஞ்சில் பயின்றிருக்க வேண்டும். சாதாரண பிரெஞ்சுப் பாடத்துக்கு இது 600 மணி நேரம்தான். இத்தனை நேரம் மொழிக்குள் இருந்த பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் மட்டும் பின்தங்கியே நின்றது.

இதற்கான விளக்கத்தை ரொறன்ரோ ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் முன்வைத்தார். கேட்கும்போது இலக்கணத்தைக் கவனிக்காமலேயே பொருளைப் பிடித்துவிடலாம்; பெயர்ச்சொல்லும் சூழலும் போதும். பேசும்போது அது முடியாது. 'நான் போனேன்' என்பதற்கு 'ஜெ சுயி அலே' என்பதே சரி. இமர்ஷன் பிள்ளைகளின் வாயிலோ 'ஜே அலே' என்று வருவது மிகச் சாதாரணம். சரியான வடிவத்தை ஆசிரியர் பலமுறை சொல்லக் கேட்டிருந்தும், எந்தத் துணைவினை வர வேண்டும் என்று தானே தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நேராதவரை அந்த வேறுபாடு பிள்ளையின் கவனத்தில் விழுவதில்லை. முப்பது பேர் அளவுள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை முழு வாக்கியம் பேசக் கிடைக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

நினைவாற்றல் ஆய்வும் இதையே சொல்கிறது. கார்ப்பிக்கி, ரோடிகர் ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்கள் பொருளோடு கற்பிக்கப்பட்டன. ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் தொடர்ந்து நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். அப்படிச் சொல்லிப்பார்ப்பதை நிறுத்திவிட்டு, சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. சொற்பட்டியலைப் பார்த்துப் பார்த்து மூன்று முறை எழுதச் சொல்லும் நம் வழக்கம் இந்த அளவில் வீண் உழைப்பே.

பிழை திருத்துவதில்தான் எதிர்பாராத செய்தி இருக்கிறது. லைஸ்டர், ரான்டா ஆகிய இருவரும் இமர்ஷன் வகுப்புகளில் ஆசிரியர்கள் பிழைகளை எதிர்கொள்ளும் முறையை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். பிள்ளை தவறாகச் சொன்னதை ஆசிரியரே சரியாகத் திருப்பிச் சொல்வதுதான் மிகுதியாக நடந்தது. பிள்ளை தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள அது சிறிதும் வழிவிடவில்லை. "புரியவில்லையே, இன்னொரு விதமாகச் சொல்" என்பது போன்ற கேள்விகளே பிள்ளையைத் தன் வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. பிரெஞ்சு தெரியாத தாய்க்கு இப்படிக் கேட்பதைத் தவிர வேறு வழியே இல்லை!

ஆகவே பிள்ளை ஆசிரியராகவும் தாய் மாணவியாகவும் அமர்ந்தால் போதும். சமையலறையில் வாழைப்பழத்தை நறுக்கும் மகள் 'ஜெ கூப் லெ பனான்' என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாய் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "நேற்று 'லா' என்றாயே, எது சரி?" என்று கேட்டால், வாழைப்பழம் அந்த மொழியில் பெண்பால், அதனால் ஆண்பாலுக்குரிய 'லெ' அல்ல, 'லா'தான் முன்னே வர வேண்டும் என்பதை மகளே தேடி எடுக்க வேண்டியிருக்கும், ஐயம் தீராவிட்டால் அகராதியைப் புரட்டலாம். மறுநாளும் அடுத்த வாரமும் அதே சொல்லைச் சொல்ல வைப்பது ஒரே நாளில் இருபது முறை சொல்ல வைப்பதைவிட நல்லது.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை தேவை. பிரெஞ்சு எழுத்துகளை ஆங்கில முறைப்படி வாசித்துக் காட்டக் கூடாது. பறவையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் ஓ, ஐ, எஸ், இ, ஏ, யு என்ற ஆறு எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. ஒலிப்பதோ ஏறக்குறைய 'வாஸோ'. எனவே ஒலிப்பதிவுடன் வரும் கதைப்புத்தகத்தை விரல் வைத்துப் பின்தொடர்வதே பாதுகாப்பானது. அதே வேளையில், பிரெஞ்சின் 'த'கரம் ஆங்கிலத்தைப் போலன்றி நம் தமிழ்த் தகரம் போல நாக்குநுனி பல்லைத் தொட்டே பிறக்கிறது. சொல்லின் முதலில் வரும் க, த, ப ஆகியவையும் ஆங்கிலத்தில் உள்ளதுபோல் மூச்சைத் தள்ளாமல் நம்முடையவை போலவே ஒலிக்கின்றன. தமிழ் பேசி வளரும் பிள்ளைக்கு இவை கைவசம் உள்ளவை.

பிரெஞ்சு வளர வேண்டுமென்று வீட்டில் தமிழைக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. ஒரு மொழியில் பெற்ற கருத்தறிவு மற்ற மொழிகளுக்கும் அடித்தளமாகிறது என்று ரொறன்ரோவைச் சேர்ந்த ஜிம் கமின்ஸ் 1970களின் இறுதியிலிருந்தே வாதிட்டுவந்தார். நீர் ஆவியாகி மழையாகும் கதையை அப்பா தமிழில் பேசித் தெளிவாக்கியிருந்தால், மறுநாள் வகுப்பில் பிரெஞ்சுப் பாடநூலைத் திறக்கும் பிள்ளைக்குச் சொற்கள் மட்டுமே புதியவையாக இருக்கும்.