'இப்போதைக்கு' ஒரு வேலை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், என்னிடம் வரும் பட்டதாரிகள் பலர் 'இப்போதைக்கு' என்றுதான் தொடங்குவார்கள். இப்போதைக்கு டேட்டா என்ட்ரி, இப்போதைக்கு கால் சென்டர். சொன்ன கையோடு என்ன படித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். இந்த வேலையை வைத்து என்னை எடை போட்டுவிடாதீர்கள் என்ற தவிப்பு அதில் இருக்கும். மனநல ஆலோசகராக நான் முதலில் கவனிப்பது அந்த ஒரு சொல்லைத்தான். முதல் வருடம் அது தெம்பு தரும். நான்காம் வருடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், வேலையைவிடக் காத்திருப்புதான் அவரை அதிகம் அரித்திருக்கும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நுண்ணுயிரியலில் முதுகலை. வாடிக்கையாளர் சேவை மையத்தில் மூன்று வருடமாக இரவுப் பணி. தூக்கம் வரவில்லை என்றுதான் வந்தார். பேசப் பேச வேறொன்று தெரிந்தது. தோழிகளின் திருமணங்களுக்குப் போவதில்லை. ஆசைப்பட்ட வகுப்பில் சேரவில்லை. கண் பரிசோதனையைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: "நல்ல வேலை கிடைக்கட்டும் மேடம், அப்புறம் பார்த்துக்கலாம்." அவருடைய பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். படிப்பு, மதிப்பெண், ஆய்வுத் திட்டம் எல்லாம் இருந்தது. மூன்று வருட வேலை ஒரு வரிகூட இல்லை. வெட்கப்பட்டு விட்டுவிட்டாராம். படிப்பவருக்கு அவர் மூன்று வருடம் சும்மா வீட்டில் இருந்தவர்.

"போன செவ்வாய்க்கிழமை பணியில் என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாக எழுதுங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்தேன். "அதுல எழுத என்ன இருக்கு" என்றவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஒரே பில்லிங் தவறு பல அழைப்புகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்து, கணக்கு எண்களைத் தொகுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பியிருக்கிறார். கத்திக்கொண்டிருந்த ஒருவரை இருபது நிமிடம் பேசி அமைதிப்படுத்தியிருக்கிறார். ஒழுங்கு கண்டுபிடிப்பது, பதிவு செய்வது, பொறுமை. ஆய்வகமும் இதைத்தானே கேட்கிறது? எழுதியதைத் தானே ஒருமுறை படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொன்றும் இவர்களிடம் தவறாமல் சொல்வேன். எந்த வருடம் படிப்பை முடிக்கிறோம் என்பது நம் கையில் இல்லை. கனடாவில் 1976 முதல் 1995 வரை கல்லூரி முடித்தவர்களின் வருமானத்தைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பொருளாதார மந்தநிலையில் வெளியே வந்தவர்கள் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள். அந்த இழப்பு ஐந்து வருடத்தில் பாதியாகி, பத்து வருடத்தில் ஏறக்குறைய மறைந்தது. மீண்டவர்களில் பலர் படிப்படியாக இன்னும் நல்ல நிறுவனங்களுக்கு மாறியவர்கள். எனக்குத் திறமை இல்லை என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ளும் இரவுகளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்கத்தால் வரும் பெரிய நஷ்டம் வேறு. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வழி காட்டியது எப்போதாவது சந்திக்கும் ஆட்கள். பழைய வகுப்புத் தோழர், முன்பு கூட வேலை பார்த்தவர் போன்றவர்கள். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். ஆனால் 'என்ன பண்றே?' என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து நாம் முதலில் ஒதுங்குவது இவர்களிடமிருந்துதான். அந்தப் பெண் திருமணங்களுக்குப் போகாமல் தவறவிட்டது விருந்தை மட்டுமல்ல.

பதிலே வராத விண்ணப்பங்கள் செய்யும் சேதத்தையும் சொல்ல வேண்டும். என்ன செய்தாலும் நிலைமை மாறவில்லை என்று ஆகும்போது மனம் முயற்சியைக் கைவிடுகிறது. உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் இதை 1967இல் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று விளக்கினார்கள். 2016இல் அவர்களே அதைத் திருத்தினார்கள்: நீண்ட துன்பத்தில் சோர்ந்து ஒடுங்குவது மூளையின் இயல்பு, என்னால் மாற்ற முடியும் என்பதுதான் கற்க வேண்டியது. எனக்கு இது மிகுந்த நம்பிக்கை தரும் திருத்தம். அதனால் தினமும் முப்பது விண்ணப்பம் அனுப்பாதீர்கள் என்கிறேன். வாரத்துக்கு நான்கைந்து போதும், நன்றாக எழுதி அனுப்புங்கள். மிச்ச நேரத்தில், செய்தால் பலன் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைச் செய்யுங்கள். ஒரு மென்பொருளைக் கற்பது, தினசரி நடை, எதுவானாலும் சரி.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: 'ஏதாவது கிடைச்சுதா?' என்று தினமும் கேட்காதீர்கள். கிடைத்தால் அவர்களே ஓடிவந்து சொல்வார்கள்.

மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு நீடித்தால், கூடவே தூக்கமும் பசியும் கெட்டால், மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். "வேலை கிடைச்சா எல்லாம் சரியாயிடும்" என்று இதையும் தள்ளிப்போட்டு, மிகத் தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.