மீசையை எண்ணிக் கெளுத்தி வாங்காதீங்க

"கருகருன்னு இருக்குதுங்க, நாட்டுக் கெளுத்திதானுங்களே?" என்று வாட்ஸ்அப்பில் இன்னொரு படம். குட்டையில் ஏற்கெனவே விட்டாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று. நாட்டுக் கெளுத்தியா, வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியா என்ற கேள்வி மட்டும் கடைசியில் வருகிறது.

நிறம் எதையும் சொல்லாதுங்க. ஒரே மீன் சிமெண்ட் தொட்டியில் வெளுக்கும், செம்மண் குட்டையில் பழுப்பேறும், பாசித் தண்ணீரில் கருக்கும். வளர்ந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியின் உடம்பில் பளிங்குபோலத் திட்டுகள் இருப்பது உண்மைதான். அதைப் பார்த்தால் சந்தேகப்படலாம், முடிவு கட்டக் கூடாது. மீசையும் அப்படியே. நாட்டுக் கெளுத்தி, ஆப்பிரிக்கன், கெளுத்தி மாதிரியே இருக்கும் தேளி மீன் மூன்றுக்குமே நாலு ஜோடிதான். எட்டு மீசையை எண்ணிவிட்டு "சரியா இருக்குதுங்க" என்றால் என்ன சொல்வது?

பார்க்க வேண்டியது மண்டை. செத்த மீன் ஒன்றை எடுத்து, உப்புப் போட்டுத் தேய்த்து வழுவழுப்பைக் கழுவுங்கள். தலைக்கு நேர் மேலிருந்து பாருங்கள். மண்டை ஓடு முதுகுச் சதையோடு சேரும் பின்விளிம்பில் நகத்தை ஓட்டினால் எலும்பின் வடிவம் தட்டுப்படும். ஏர்க்கொழு மாதிரி ஒற்றை முனையாக இறங்கினால் நாட்டு இனம். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முனை தெரிந்தால் ஆப்பிரிக்கன். புரியவில்லை என்றால் தோலை உரித்துவிட்டுப் பாருங்கள். அடுத்து செவுள் மூடியைத் தூக்குங்கள். முதல் வளைவின் முட்கள் சீப்புப் பல்லாக நெருங்கி இருப்பது ஆப்பிரிக்கனில்தான். நாட்டு மீனில் குறைவு, இடைவெளியும் தெரியும். ஒன்றரை அடியைத் தாண்டிய மீனுக்கு இத்தனை பாடே வேண்டாம், அது நாட்டு இனம் இல்லை.

தேளியைப் பிரித்துப் பார்ப்பது சுலபம்: அதன் முதுகுத் துடுப்பு சின்னக் கொத்து, அவ்வளவுதான். அதன் பக்க முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆற்றுக் கெளுத்திக்கு வால் பக்கம் சதைத் துடுப்பு ஒன்று தனியாக இருக்கும், குழப்பமே வராது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. 'தாய் மாகூர்', அதாவது தாய்லாந்துக் கெளுத்தி என்று யாராவது கூவினால் அதுவும் இதேதான். தெரியாமல் வளர்த்துவிட்டோமே என்று பாவம் பார்த்து வாய்க்காலில் விடுகிறவர்கள்தான் பெரிய தலைவலி. இந்த மீன் காற்றை விழுங்கி உயிர் தாங்கும், ஈரத்தரையில் நெளிந்து நகரும், அகப்பட்ட மீனையெல்லாம் தின்னும். பவானிக்கோ நொய்யலுக்கோ போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. தயவு செய்து விடாதீங்க. மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி அழித்துவிடுங்கள்.

விரலளவுக் குஞ்சில் மண்டை எலும்பு நம்பும்படி தெரியாது. இரண்டு இனத்தையும் கலந்த குஞ்சானால் பெரிதானாலும் இரண்டுங்கெட்டானாகவே இருக்கும். அதனால் குஞ்சு வாங்கும்போது இனப் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.