ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லையே, ஏன்?

பெங்களூரு அல்சூர் ஏரியருகே உள்ள தமிழ்ச் சங்க நூலகத்தில் சென்ற மாதம் ஒரு பெண்மணி என்னிடம் வந்து பேசினார். நாற்பது ஆண்டுகள் தையல் தொழில் செய்த அவருடைய தந்தை, ஒருநாள் காலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் நூலையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து ஐந்தாவது மாதம் அவர் இறந்துவிட்டார். மூளையைச் சிதைக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய், அதாவது சி.ஜே.டி., என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "கடைசிவரைக்கும் ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரலை சார். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. உடம்பு ஏன் எதிர்த்துப் போராடவே இல்லை?" என்று கேட்டார்.

சொந்தக்காரர்கள் இதைச் செய்வினை என்று முடிவுகட்டி, எலுமிச்சம்பழமும் தாயத்துமாக அவரை ஊர் ஊராக அலைக்கழித்திருக்கிறார்கள். பேச்சு குழறி, நடை தளர்ந்து கொண்டிருந்த ஒருவருக்கு அந்தப் பயணங்கள் எவ்வளவு துன்பமாக இருந்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அப்போதே கிடைத்திருக்க வேண்டிய விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

சி.ஜே.டி.யை உண்டாக்குவது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. நம் நரம்பு செல்களின் மேற்பரப்பில் இயல்பாகவே இருக்கும் பிஆர்பி என்ற புரதம் தவறாக மடிந்து, அந்தத் தவறான மடிப்பைப் பக்கத்திலிருக்கும் நல்ல புரதங்கள்மீதும் ஏற்றிவிடுவதால் வரும் நோய் இது. அப்படி மடிந்த புரதத்துக்கு அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புருசினர் 1982இல் பிரியான் என்று பெயரிட்டார். 1997இல் நோபல் பரிசு பெற்றார். நல்ல புரதத்திலும் கெட்ட புரதத்திலும் அமினோ அமிலங்களின் வரிசை ஒன்றேதான். வேறுபாடு முழுவதும் மடிப்பில் இருக்கிறது.

பெண்மணியின் கேள்விக்கு முதல் விடை இதிலேயே அடங்கியுள்ளது. நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களான டி செல்களிலும் பி செல்களிலும், நம் உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடியவை அவை வளரும் இடத்திலேயே பெரும்பாலும் களையப்பட்டுவிடுகின்றன. அதிலும் டி செல்கள் ஒரு புரதத்தை முழு உருவில் பார்ப்பதில்லை. துண்டு துண்டாக நறுக்கித் தரப்படும் சிறு வரிசைகளைத்தான் பார்க்கின்றன. நறுக்கிய பிறகு மடிப்பு ஏது? ஆகவே கிருமியைப் பற்றிக்கொள்ள பி செல்கள் வழியே உருவாகும் புரதமான எதிர்ப்பொருள் இங்கே உருவாவதில்லை, காய்ச்சல் வருவதில்லை, ரத்தப் பரிசோதனையிலும் தொற்றின் அடையாளம் எதுவும் தெரிவதில்லை.

இத்துடன் நிறுத்தினால் நோயெதிர்ப்பு மண்டலம் வெறுமனே கண்மூடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். உணவு வழியாகவோ ரத்தம் வழியாகவோ வெளியிலிருந்து பிரியான் நுழையும்போது நடப்பது அதைவிட வியப்பானது. அங்கே நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு செல் பிரியானுக்கு இடம் கொடுத்துப் பெருகவும் விடுகிறது. ஃபாலிக்குலர் டென்ட்ரிடிக் செல் என்ற அந்தச் செல்லை, நான் படித்தவற்றிலேயே மிக அழகான செல்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள், டான்சில், சிறுகுடல் சுவரில் உள்ள பேயர் திட்டுகள் ஆகியவற்றில் பி செல்கள் கூடும் இடங்களின் நடுவே, நீண்ட கிளைகளைப் பரப்பிக்கொண்டு இது நகராமல் இருக்கிறது. விழுங்கு செல்கள் கிடைத்த கிருமியைத் தின்று செரித்துவிடும். இந்தச் செல்லோ, கிருமியின் பகுதிகளைச் செரிக்காமல், உருக்குலையாமல், தன் கிளைகளின்மேல் மாதக்கணக்கில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். நவராத்திரியில் கொலுப்படியில் பொம்மைகளை அடுக்கிவைத்தால் தெருவே வந்து பார்த்துப் போவதுபோல், பி செல்கள் வரிசையாக வந்து அவற்றைப் பார்த்துத் தங்கள் எதிர்ப்பொருளைச் செம்மைப்படுத்திக்கொள்கின்றன. ரத்தத்தில் இருந்துகொண்டு அந்நியப் பொருள்கள்மீது ஒட்டி அடையாளமிடும் நிரப்புப் புரதங்கள் ஒட்டிய எதையும் இந்தச் செல் தன்னிடமுள்ள ஏற்பிகளால் பற்றிக்கொள்ளும். பிரியான் திரள்களின்மீதும் அப்புரதங்கள் ஒட்டுகின்றன. எனவே பிரியானும் கொலுவில் ஏறிவிடுகிறது. அந்தச் செல்லின் மேற்பரப்பிலோ நல்ல பிஆர்பி புரதம் ஏராளமாக இருக்கிறது. வந்தமர்ந்த பிரியான் படியையே தன் உருவுக்கு மாற்றத் தொடங்குகிறது. செரிக்காமல் பாதுகாப்பதுதான் இச்செல்லின் தொழில் என்பதால், அங்கே அதை அழிப்பவர் இல்லை.

இது தெரியவந்த கதையும் சுவையானது. 1997இல் சூரிக்கில் அட்ரியானோ அகுஸியின் குழுவினர், பி செல்களே இல்லாத எலிகளின் வயிற்றறைக்குள் பிரியானைச் செலுத்தியபோது அவற்றுக்கு நோய் வரவில்லை. மூளைக்குள் நேரடியாகச் செலுத்தியபோது வழக்கம்போல் வந்தது. பி செல்தான் பிரியானைச் சுமக்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. பின்னர் வந்த ஆய்வுகள், பி செல்கள் தரும் லிம்ஃபோடாக்சின் போன்ற சமிக்ஞைகள் இல்லாமல் ஃபாலிக்குலர் டென்ட்ரிடிக் செல்கள் முதிர்ந்து நிலைக்க முடியாது என்பதைக் கொண்டு புதிரை விடுவித்தன. அந்தச் சமிக்ஞையைத் தொற்றின் தொடக்கத்திலேயே மருந்தால் தடுத்தபோது, எலிகளுக்கு நோய் தாமதமாகவே வந்தது.

நகராத செல்லிலிருந்து பிரியான் மூளைக்கு எப்படிப் போகிறது? ஒரு முக்கிய வழி, மண்ணீரலுக்கு வரும் பரிவு நரம்புகள், அதாவது நம் விருப்பமின்றியே உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகளில் ஒரு வகை. அந்நரம்புகளை நீக்கிய எலிகளில் நோய் தாமதமானது. மண்ணீரலில் அவை மிகுதியாக வளர்ந்திருந்த எலிகளில் விரைவாக வந்தது.

'மேட் கௌ' என்று செய்தித்தாள்களில் அடிபட்ட மாட்டு நோயிலிருந்து மனிதருக்கு வந்த வேறுவகை சி.ஜே.டி.யில், டான்சிலிலிருந்து எடுத்த சிறு துணுக்கிலேயே பிரியானைக் காண முடிந்ததற்கும் இதுவே காரணம். பிரிட்டனில் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட 32,441 குடல்வால்களைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், 16 குடல்வால்களில் தவறாக மடிந்த அந்தப் புரதம் தென்பட்டது.

அந்தப் பெண்மணியின் தந்தைக்கு வந்தது இவ்வகை அன்று. அது தானாகத் தோன்றும் சி.ஜே.டி.; ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. அதில் புரதம் மூளையிலேயே தவறி மடிகிறது. உணவாலோ தொட்டதாலோ அவருக்கு அது வரவில்லை. அவரைத் தொட்டுப் பணிவிடை செய்த மகளுக்கும் அதனால் வராது. இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் முன்பே வாங்கிக் கொடுத்திருக்கலாமோ என்று அவர் தவித்தார். எந்தப் பொடியாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

பழகிய புரதம் என்று உடல் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தில் மருத்துவம் நுழைய ஒரு வழி இருக்கிறது. பிஆர்பி மரபணுவே நீக்கப்பட்ட எலிக்குப் பிரியான் நோய் வருவதில்லை. அதன் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு பிஆர்பி அந்நியப் பொருள் என்பதால், அது அப்புரதத்துக்கு எதிராக வலுவான எதிர்ப்பொருளை உண்டாக்கும். அவ்வழியில் உருவாகி, மனிதருக்கு ஏற்றவாறு மாற்றப்பட்ட பிஆர்என்100 என்ற எதிர்ப்பொருளை லண்டனில் 2018 முதல் ஆறு சி.ஜே.டி. நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். மருந்து பாதுகாப்பாக இருந்தது, மூளைக்கும் சென்று சேர்ந்தது; ஆயினும் ஆறு பேரும் இறந்துவிட்டார்கள். நோய் வெளிப்படும் நேரத்தில் மூளை ஏற்கெனவே பெரிதும் சிதைந்திருப்பதால், இத்தகைய மருந்தை மிக முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

அரிய நோய்தானே என்று இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அல்சைமர் நோயிலும் பார்க்கின்சன் நோயிலும் தவறாக மடிந்த புரதங்கள் இதேபோல் செல்லுக்குச் செல் பரவுவதற்கான சான்றுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மூளைத் திசு வங்கி ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னபோது, "யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அப்பாவோடதைக் கொடுத்திருப்போமே சார்" என்றார் அந்தப் பெண்மணி.