மேட்டின் முகட்டில் வாய்க்கால் இருந்தால் அது உழவு மேடு அல்ல

போன வாரம் இன்னொரு வரைபடக் கோப்பு வந்தது. தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஓர் ஆற்றோரப் புல்வெளி. லிடார் (விமானத்திலிருந்து லேசரால் தரையின் உயரத்தை அளக்கும் முறை) படத்தில் வரிவரியாகத் தெரிகிற மேடுகள் அத்தனைக்கும் "மத்தியகால உழவு மேடு" (அந்தக் காலத்தில் ஏர் உழுது உழுது மண் ஒதுங்கி எழுந்த மேடு) என்று நிரப்பி அனுப்பியிருந்தார்கள். நில அளவையும் தொல்லியலும் கலந்த வேலை எனக்கு. புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டிய மேட்டை உழவு மேடு என்று போடும் இந்த ஒரு தப்பைத் திருத்தியே அலுத்துவிட்டது. திருத்த நேரம் கிடைத்தால் பரவாயில்லை. இதற்கு முந்தைய ஒன்றில், "உழவு மேடுதானே, ஊரெல்லாம் கிடக்கிறதே" என்று பாதி நிலத்தை ஜேசிபி வைத்து நிரவிய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து பிரிட்டன் நிலங்களுக்குக் கோடு போட்டுத் தரும் ஜிஐஎஸ் (கணினி வரைபட வேலை) தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே பிரிட்டனிலேயே சூழலியல், ஆற்றுச் சீரமைப்பு வேலைகளில் இருக்கும் நம்மவர்களும் படித்தால் நல்லது.

அந்த மேடுகள் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டியவை. ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர், டார்செட் பக்கம் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறி வரும் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸில் இருக்கும். குளிர்காலத்தில் அதைப் புல்வெளிமேல் ஓடவிட்டால் உறைபனி மண்ணை அண்டாது. மற்ற இடங்களில் பச்சை துளிர்ப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இங்கே மேய்ச்சல் தயாராகிவிடும். காயவைத்த புல் தீர்ந்து, குட்டி ஈன்ற ஆடுகள் பசித்து நிற்கிற மார்ச், ஏப்ரலில் அந்தப் புல்லுக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில் ஆடுகள் இங்கே மேயும், இரவில் மேட்டு நிலத்தில் கிடை போடுவார்கள். பார்லிக்கு உரம் அதுதான். மே மாதம் பிறப்பதற்குள் ஆடுகளை வெளியேற்றி, மறுபடி தண்ணீர் பாய்ச்சி, கோடையில் புல்லறுத்து, பிறகு மாடுகளை விடுவார்கள். (கோடையில் இந்த ஈரத்தில் ஆட்டை விட்டால் ஈரல் புழு பிடிக்கும். அந்தக் காலத்து இடையர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.)

1610இல் ஹியர்ஃபோர்ட்ஷயரின் ரோலண்ட் வான் என்பவர் தான் வெட்டிய கால்வாய்களைப் பற்றிப் புத்தகமே போட்டார். 1632இல் வில்ட்ஷயரின் வைலி கிராமத்தார் ஊர்ப் புல்வெளிக்கு இப்படித் தண்ணீர் கொண்டுவர ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆக, நீங்கள் "மத்தியகாலம்" என்று போடும் மேடு பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ கட்டியது.

சரி, எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். மேடு பள்ளம் என்றால் பள்ளத்தில்தான் தண்ணீர் வந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. தண்ணீர் வருவது மேட்டின் உச்சியில். மதகில் ஏற்றிய ஆற்று நீர் தலைவாய்க்காலில் வந்து, கிளை பிரிந்து, ஒவ்வொரு மேட்டின் முகட்டிலும் ஒரு சிறு வாய்க்காலாக ஓடும். ஓட்டுக்கூரை முகட்டில் ஊற்றிய தண்ணீர் இரண்டு பக்கமும் வழிவது போல, புல்லின் அடிக்காம்பை நனைத்தபடி மெல்லிய தகடாக இறங்கும். ஆழம் ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். பள்ளத்தில் இருப்பது வடிகால்; இறங்கிய தண்ணீர் அதில் சேர்ந்து ஆற்றுக்கே திரும்பும். வரும்போது குதிரை நடையோட்டம், போகும்போது நாலுகால் பாய்ச்சல் என்று இங்கே பழைய சொலவடை உண்டு. நிற்கவே கூடாது. நம்மவர்களுக்குப் பாசனம் என்றாலே நெல்வயலில் தேங்கிய தண்ணீர்தான் கண்ணில் நிற்கும். இங்கே தேங்கினால் புல் அழுகும்.

உழவு மேட்டின் முகட்டில் வாய்க்கால் இருக்காது. இவ்வளவுதான் வித்தியாசம், இதைத்தான் பார்ப்பதில்லை. அகலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் வரும். மத்தியகால உழவு மேடு பல இடங்களில் லேசாக 'எஸ்' போல வளைந்திருக்கும், ஏர்மாட்டு வரிசையைத் திருப்பியதால் வந்த வளைவு. பாசன மேடு ஒரு வாய்க்காலிலிருந்து கிளம்பி, போகப்போகத் தாழ்ந்து முடியும். அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, தொழில் ரகசியம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முகட்டு வாய்க்கால் தூர்ந்து ஒரு முழ அகலம்கூட இல்லாமல் கிடக்கும். இங்கிலாந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 1 மீட்டர் லிடாரில் அது பதிவாகாமலே போகலாம். "படத்தில் இல்லையே சார்" என்பது அதனால் பதிலே ஆகாது. லிடார் உயரத்தை வெளிச்சமும் நிழலுமாகக் காட்டும் படத்தை (ஹில்ஷேட்) ஒரே திசை வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். மேட்டின் நீளவாக்கிலேயே வெளிச்சம் விழுந்தால் மேடே காணாமல் போகும். 19ஆம் நூற்றாண்டு இறுதியின் 1:2500 ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பு) வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். வாய்க்காலும் மதகும் பெரும்பாலும் அதில் இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

1870களுக்குப் பிறகு மலிவான வெளிநாட்டுத் தானியம் வந்து குவிந்தது, உரம் மூட்டையில் வந்தது, மதகைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. டிராக்டர் காலத்தில் மேடுகள் இடைஞ்சலாகிப் பலதும் போயின. சாலிஸ்பரி பேராலயத்தை ஒட்டிய ஹார்ன்ஹாமில் ஓர் அறக்கட்டளை இன்னமும் தண்ணீர் பாய்ச்சிக் காட்டுகிறது. ஜனவரியில் முடிந்தால் போய்ப் பாருங்கள், நான் எழுதுவதைவிட நன்றாகப் புரியும்.

நிலத்தில் இறங்கி வேலை பார்ப்பவர்களுக்கு: ஆற்றில் வாரிய சேற்றைப் பள்ளங்களில் கொட்டாதீர்கள், அது குழியல்ல, வடிகால். இடிந்து நிற்கும் செங்கல் மதகிலிருந்து கல்லைப் பெயர்க்காதீர்கள். மரம் நடும் ஆர்வத்தில் முகட்டில் குழி தோண்டவே தோண்டாதீர்கள். "ஒரு காலத்தில் ஈர நிலம்தானே, வடிகாலை அடைத்துவிட்டால் இயற்கை திரும்பிவிடும்" என்று கிளம்பும் நல்ல மனசுக்காரர்களே, தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். வேகமாக வடிவதற்காகக் கட்டிய நிலம் இது. இப்போது அங்கே என்ன செடி இருக்கிறது, அடைத்தால் எது போகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மண்வெட்டி எடுக்கும் முன் அந்தக் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் விசாரியுங்கள். பாதுகாக்கப்பட்ட இடமென்றால் அனுமதி இல்லாமல் கைவைப்பது குற்றம்.

கோடு போடும் தம்பி தங்கைகளுக்கு: சந்தேகம் என்றால் கட்டத்தில் "உறுதியில்லை, நேரில் பார்க்கவும்" என்று எழுதுங்கள். அப்படி வந்தால் ஒருநாள் போய்ப் பார்த்துவிடுவோம். "உழவு மேடு" என்று வந்தால் யாரும் போவதில்லை.