ஸ்க்ரம் ஏன் சுழல்கிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, மாமாக் கடையில் ரக்பி பார்த்தேன். தென்னாப்பிரிக்கா மாற்று ஆட்டக்காரர் 8 பேரில் 7 பேரைத் தடியர்களாகவே உட்கார வைக்கிறதே, ஓடுவதற்கு ஆள் வேண்டாமா?"

பக்கத்துக் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி ரக்பிக்குப் பேர்போனது. ஆனால் தோட்டப் பக்கம் திடல் என்றால் கால்பந்துதான். ஆகவே சுருக்கமாக: ஓர் அணிக்கு 15 பேர். அதில் 8 பேர் முட்டித் தள்ளும் தடியர்கள், 7 பேர் ஓடுபவர்கள். பந்து கைதவறி முன்னால் விழுவது போன்ற சின்னத் தவறு நடந்தால், இரு தரப்பிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்துத் தள்ளுவார்கள். அதுதான் ஸ்க்ரம்.

இதில் ஒரு வேடிக்கை. முன்வரிசையில் 1, 2, 3 எண்களோடு நிற்கும் ஒவ்வொருவரும் தன் எதிராளியின் தலைக்கு இடப்பக்கமாகத்தான் தலையை நுழைக்க வேண்டும். அதனால் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. லாரி டயர் நட்டைக் கழற்றும்போது சிலுவை ஸ்பேனரின் இரு முனைகளையும் எதிரெதிராக அழுத்துவோமே, அதே கதைதான். இருவரும் நேராகத்தான் தள்ளுகிறார்கள், ஆனால் மொத்தக் கூட்டமும் கடிகார முள் திசையில் சுற்றப் பார்க்கிறது. 90 பாகைக்கு மேல் சுற்றிவிட்டால் நடுவர் நிறுத்தி, மறுபடி அமைக்கச் சொல்வார்.

இந்தச் சுழற்சியில் பின்னுக்குப் போவது வலப்பக்கம். அங்கே நிற்பவர்தான் 3-ஆம் எண். அவர் தலை எதிரணியின் 1-க்கும் 2-க்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். இருவர் பாரமும் அவர் மேல். எதிரணி 1-ஆம் எண்காரருக்கோ ஒரு தோள் சும்மா இருக்கிறது. அவர் இவர் நெஞ்சுக்குக் கீழே புகுந்து லேசாக மேலே தூக்கினால் போதும். பாதம் தரையை அழுத்துவது குறையும், உராய்வும் சேர்ந்து குறையும், பூட்ஸ் ஆணி புல்லைக் கிழித்துக்கொண்டு வழுக்கும். 130 கிலோ ஆளாக இருந்தும் பிரயோசனமில்லை. அதனால்தான் இரண்டாம் வரிசையில் நின்று தள்ளும் 4, 5-ஆம் எண்காரர்களான லாக்குகளில் கனத்தவரைப் பெரும்பாலும் 3-ஆம் எண்காரருக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். நம் ஊர் மாடிக் கட்டடங்களில், சீனத்தில் சாவு போல ஒலிக்கும் 4-க்குப் பயந்து 3ஏ என்று எழுதுகிறோமே, ரக்பியில் அது நடக்காது. சட்டை எண்தான் நிற்கும் இடம். ராசி பார்த்தால் லாக்குக்கு ஆளிருக்காது.

முட்டும் வேகமும் சாமானியமில்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் அளந்தபோது, சர்வதேச அணிகளின் மோதல் ஒன்றரை டன் எடைக்கும் மேலாக இருந்தது. 2013-இல் முதலில் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பிறகே முட்ட வேண்டும் என்று விதி மாறியது. மோதல் சுமார் கால் பங்கு குறைந்தது. கழுத்தைக் காப்பாற்றிய ஆராய்ச்சி அது. இங்கே திறப்பு விழாவுக்கும் புதுச் சட்டைக்கும் போகிற பணத்தில் கொஞ்சம் இப்படிப்பட்ட அளவைகளுக்குப் போனால் என்ன?

சரி, தம்பியின் கேள்வி. இப்படித் தள்ளும் தொடை முழு ஆட்டத்துக்கும் தாங்காது. களைத்தவர் முதுகு நிமிரும். நிமிர்ந்தவரைத் தூக்குவது சுலபம். அதற்குத்தான் புதுக் கால்கள். 2023 உலகக் கிண்ண இறுதியில் அந்த ஏழுக்கு ஒன்று ஏற்பாட்டோடு இறங்கிய தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்தை 12-11 என வென்றது. ஓடுபவர்களில் இருவருக்கு அடிபட்டிருந்தால் திண்டாட்டம்தான். தெரிந்தே எடுத்த துணிச்சல். 2019 இறுதியில் இங்கிலாந்தின் 3-ஆம் எண்காரர் மூன்றாவது நிமிடத்திலேயே அடிபட்டு வெளியேற, மாற்று ஆட்டக்காரர் ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் இழுக்க வேண்டியதாயிற்று. எதிரணியான தென்னாப்பிரிக்காவோ இரண்டாம் பாதித் தொடக்கத்தில் முன்வரிசைக்குப் புது ஆட்களை இறக்கியது. 32-12 என வென்றது. அடுத்த ஆட்டத்துக்கு அணிப் பட்டியல் வந்ததும் 3-ஐயும், அவருக்கு மாற்றான 18-ஐயும் முதலில் பாருங்கள் தம்பி.