ஏரியில் சிக்கிய மீன் ஆஸ்காரா, ஜிலேபியா?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஏரிகளில் வலை இழுப்பவர்கள் அவ்வப்போது ஒரு மீனின் படத்தை அனுப்பி, இது ஜிலேபியா, கரிமீனா என்று கேட்பதுண்டு. கருமை படிந்த உடலில் ஆரஞ்சுத் திட்டுகளும், வாலடியில் ஆரஞ்சு வளையம் சூழ்ந்த கரும்புள்ளியும் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆஸ்கார்தான். அமேசான் வடிநிலத்தைச் சேர்ந்த இந்தச் சிக்ளிட் குடும்பத்து மீன், வண்ணமீன் கடையில் விரல் நீளக் குஞ்சாக வாங்கப்பட்டு, ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போனதும் நீர்நிலைக்கு வந்து சேர்கிறது.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வளர்ப்பினங்களில் வெளிறியவற்றுக்கு அந்தக் கரும்புள்ளியே தெரியாது. குஞ்சுகளோ கரிய உடலில் வெள்ளை நெளிவரிகளோடு வேறொரு மீனைப் போலவே இருக்கும். லூயி அகாசி என்ற பேரறிஞரே 1831இல் இதைக் கடல்மீன் என்று எண்ணிப் பெயரிட்டார் என்றால், வலைக்காரர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

நான் முதலில் மூக்கைப் பார்ப்பேன். கெண்டைகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு நாசித்துளைகள் இருக்க, சிக்ளிட்டுகளுக்கு ஒன்றுதான் உண்டு. உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் பக்கக் கோடும் நடுவே அறுபட்டு, சற்றுக் கீழிறங்கி மீண்டும் தொடங்கும். ஆனால் கரிமீனும் ஜிலேபியும் இதே குடும்பம் என்பதால், அடுத்து குதத் துடுப்பை (வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன் அடிப்பக்கத்தில் இருப்பது) விரித்து முட்களை எண்ண வேண்டும். 2010இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட நம் கரிமீனுக்கு அங்கே 12 அல்லது 13 முட்கள் இருக்கும். ஆஸ்காருக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபிக்கும் பொதுவாக 3 மட்டுமே. இவ்விரண்டையும் பிரித்தறிய, முதுகுத் துடுப்பு, குதத் துடுப்பு ஆகியவற்றின் பின்பகுதியைத் தடவிப் பாருங்கள்: ஆஸ்காரில் அவற்றின் அடிப்பாகம் செதில் மூடித் தடித்திருக்கும், வாலும் விசிறியாய் வட்டமாக இருக்கும்.

சிறுமீன், நத்தை, பூச்சி என எதையும் விழுங்கும் இம்மீன், ஒரே ஈட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும். சித்தூர்ப்புழையில் இறங்கினால் பாரதப்புழை வரை அதற்கு வழி உண்டு. ஆகவே வலையில் சிக்கியதைத் திரும்ப விடாமல், பக்கவாட்டில் கிடத்தி, குதத் துடுப்பை விரித்து, அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள், மீன் பெரிதாகிவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம்; வாங்கும்போதே அவர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுவைப்பது நல்லது.