காலி செய்யும்போது வரும் பெயிண்ட் கணக்கு

சென்னையில் ஒற்றை அறை வீடு தேடுபவர்கள் வாடகையைப் பேரம் பேசுவார்கள், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பார்கள், ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். ஒப்பந்தத்தை மட்டும் படிக்க மாட்டார்கள். வாடகைத் தகராறுகளைக் கவனிக்கும் வழக்கறிஞர் நான். என்னிடம் வருபவர்களில் பலர் வீட்டைக் காலி செய்த பிறகே வருகிறார்கள். "பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார், திரும்பக் கேட்கலாமா?" என்பார்கள்.

பதில் அவர்கள் கையெழுத்திட்ட தாளில் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் இருவரும் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது, சிக்கலே அங்குதான். ஒப்பந்தம் தட்டச்சு செய்யும் கடைகளில் பழைய மாதிரி ஒன்றில் பெயரையும் தொகையையும் மாற்றி அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். பெயிண்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை என்ற வரி அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

அந்த வரியின் கணக்கைக் கவனியுங்கள். பிடித்தம் சுவரின் பரப்பைப் பார்ப்பதில்லை, வாடகையைப் பார்க்கிறது. வேளச்சேரியில் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு வாடகை ஏறினால் பெயிண்ட் விலையும் கூடவே ஏறிவிடுகிறது! அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், உண்மையில் ஆன செலவை ரசீது காட்டிப் பிடிக்கலாம் என்றாவது மாற்றி எழுத வையுங்கள். சாவி வாங்கும் நாளிலேயே சுவர்களைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவதும் நல்லது.

அட்வான்ஸ் விஷயமும் இப்படித்தான். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆறு மாதம், பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வரம்பு உங்களுக்கு உதவாது.

பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே வேண்டாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். பதிவுச் சட்டத்தின்படி அது சரிதான். ஆனால் மேலே சொன்ன வாடகைச் சட்டத்தின்படி, பதினோரு மாதமானாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இணையதளமும் உண்டு. பதிவில்லாத தாளை வைத்துக்கொண்டு வழக்காடுவது கடினம்.

ஒரே வீட்டைத் தடுத்து அறைகளாக விட்டிருந்தால் மின்சாரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு ரூபாய் என்பதையும், குடிபுகும் நாளில் மீட்டர் காட்டும் எண்ணையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

காலி செய்த பிறகு, பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சாவியை ஒப்படைத்த தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; அந்த ஒரு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் அடுத்த தகராறு கிளம்பும்.